ஐந்தாவது பை

அத்தியாயம் 17

சாவி சின்னவளின் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது என்று நமக்குத் தெரியும். சின்னவளுக்குத் தெரியும், அவள் புருஷனுக்கும் தெரியும். வீட்டிலேயே இருந்தும் தெரியாதவள் ஒருத்திதான். அவள்தான் பெரியவள், சின்னவளின் ஓரகத்தி.

டவுனில், மூன்றாவது மாடியில், ஒரு சின்ன வீடு. சின்னவளின் புருஷன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். வேலை முழுக்க டவுனில்தான். வீட்டைப் பார்த்து, பேசி முடித்து, சாவியைக் கொண்டுவந்து பெண்டாட்டி கையில் கொடுத்து, "அண்ணிகிட்ட நீயே பக்குவமா சொல்லிடு" என்று சொல்லிவிட்டு பைக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். இந்த ஆம்பளைகளுக்கு இது ஒரு சௌகரியம். முடிவு அவர்களுடையது, பக்குவம் நம்முடையது!

எட்டு நாளாயிற்று. பக்குவம் வந்தபாடில்லை.

எப்படிச் சொல்வாள்? ஆறு வருஷமாக அக்கா, அக்கா என்று பின்னாலேயே சுற்றியவள். பெரியவளுக்குப் பிள்ளை இல்லை. அவள் புருஷன் லாரிக்காரர், மாதத்தில் இருபது நாள் ரோட்டில். இவர்கள் இரண்டு பேரும் கிளம்பிவிட்டால் அத்தனை பெரிய வீட்டில் பெரியவளுக்குத் தையல் மெஷின்தான் துணை. போதாததற்கு லாரிக்காரர் வேறு, தம்பி கல்யாணத்தன்றே எல்லோர் முன்னாலும் மார் தட்டிச் சொன்னவர்: "நான் இருக்கிற வரைக்கும் இந்த வீட்ல ரெண்டு அடுப்பு எரியாது." அந்த லாரிக்காரர் மூன்று நாள் லோடு முடித்து இன்று சாயங்காலம் வருகிறார்.

வியாழக்கிழமை. காலை மணி பத்து.

சின்னவள் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். வீட்டைச் சுற்றி உப்பு மண். எதை நட்டாலும் ஒரு விரல் உயரம் வரும், அப்புறம் வாடிப்போகும். அதனால் அவள் தரையை நம்புவதையே விட்டுவிட்டாள். பெயிண்ட் வாளி, எண்ணெய் டின், விரிசல் விட்ட வாஷ்பேசின், புருஷனின் பழைய ஹெல்மெட் என்று கையில் கிடைத்ததற்கெல்லாம் அடியில் ஓட்டை போட்டு, வெளியிலிருந்து மண் கொண்டுவந்து நிரப்பி, தக்காளியும் மிளகாயும் புதினாவும் வளர்த்தாள். தெருவில் அவளுக்கு டப்பாக்காரி என்று பெயர். ஹெல்மெட்டில் வளர்ந்த புதினாவைக் கேட்டு வாங்கிப் போகிறவர்களும் அதே வாயால்தான் அப்படிச் சொன்னார்கள்.

சுவரோரம் நான்கு புதுப் பைகள். சாக்கில் தைத்தவை. ஒவ்வொன்றிலும் ஒரு செடி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு காது. நேற்றுத்தான் மண் நிரப்பியிருந்தாள்.

"சின்னவளே! இங்க வா, சீக்கிரம்!"

பெரியவளின் குரல் தையல் அறையிலிருந்து வந்தது. சின்னவள் தண்ணீர்க் குவளையை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

தையல் அறை என்றால் ஒரு ஜன்னல், ஒரு மெஷின், ஒரு பெஞ்சு. பெஞ்சின் மேல் அறுபது சின்னச் சட்டைகள். இரண்டு உள்ளங்கையைச் சேர்த்து வைத்தால் ஒரு சட்டை அதற்குள் அடங்கும். மாசம் ஆகும் முன்பே பிறந்துவிட்ட குழந்தைகளுக்கு, ஆஸ்பத்திரி வார்டுக்காக, பெரியவள் சும்மா தைத்துக் கொடுப்பது. இவள் வெட்டித் தைக்க, சின்னவள் திருப்பி நாடா வைத்து மடிப்பாள். இன்று மூன்று மணிக்கு நர்ஸம்மா வண்டியோடு வந்து வாங்கிப் போகவேண்டும்.

பெரியவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். பல்வலி. கன்னத்துக்குள் கிராம்பை அடக்கி வைத்திருந்தாள். இரண்டு விரலுக்கு நடுவில் ஏதோ மின்னியது.

"இது என்ன, பாரு."

மெஷின் ஊசியின் மேல் பாதி. கீழே இருக்கவேண்டிய பாதியைக் காணோம்.

"பெருக்கும்போது மெஷினுக்கு அடியில கிடைச்சுது. நீ எதாவது பார்த்தியா?"

இங்கே நாம் ஒரு உண்மையைச் சொல்லிவிடவேண்டும். முந்தாநாள் பெரியவள் பல் டாக்டரைப் பார்க்கப் போன நேரத்தில், சின்னவள் இந்த மெஷினில் சாக்கைக் கொடுத்துத் தைத்தாள். நான்கு மடிப்பு சாக்கு. குழந்தைச் சட்டை தைக்கிற மெல்லிய ஊசி. டக்கென்று உடைந்தது. பதறிப்போய் டப்பாவிலிருந்து வேறு ஊசியை எடுத்து மாட்டி, உடைந்தது எங்கே விழுந்தது என்று தேடாமல், ஒன்றும் நடக்காதது போல எழுந்து போய்விட்டாள். பக்கத்துப் பெஞ்சில் சட்டைகள் இருந்தது அப்போது அவள் புத்தியில் ஏறவில்லை.

"தெரியலையேக்கா" என்றாள் இப்போது.

நாக்கு என்ன வேகமாகப் பொய் சொல்கிறது, பாருங்கள்!

பெரியவள் எழுந்து அலமாரியிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். இருபது வருஷம் ரெடிமேட் கம்பெனியில் மெஷின் ஓட்டியவள். அங்கே ஒரு சட்டம் உண்டு. ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து, ஒன்றோடொன்று பொருத்தி, முழு ஊசியாக நோட்டில் டேப் போட்டு ஒட்டி, உடைத்தவள் கையெழுத்துப் போடவேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் அன்றைக்குத் தைத்த உருப்படி ஒன்றுகூட வெளியே போகக்கூடாது. கம்பெனியை விட்டு வந்தாலும் பெரியவள் அந்தச் சட்டத்தை விடவில்லை.

"கடைசியா உடைஞ்சது ரெண்டு மாசத்துக்கு முன்னாடி. ஒட்டியிருக்கேன், கையெழுத்து இருக்கு. இதுக்கு இல்ல." மெஷினைக் குனிந்து பார்த்தாள். "ஆனா ஊசி புதுசா இருக்கு. அப்போ நான்தான் மாத்தியிருக்கேன். உடைஞ்சதும் ஞாபகம் இல்ல, மாத்தினதும் ஞாபகம் இல்ல."

"பல்வலி மாத்திரை போட்டீங்கல்ல, அதனால இருக்கும்க்கா."

"மாத்திரை பல்லுக்குத்தானேடி, மூளைக்கா?"

சிரிப்பு வரவேண்டிய இடம். இரண்டு பேருக்கும் வரவில்லை.

தேடினார்கள். லாரிக்காரரின் பழைய ரேடியோவிலிருந்து எடுத்த ஒரு காந்தம் அந்த வீட்டில் உண்டு. கிழட்டுக் காந்தம். குண்டூசியைக்கூட யோசித்து யோசித்துத்தான் இழுக்கும். அதைத் தரை முழுக்க ஓட்டினார்கள். மூன்று குண்டூசி, ஒரு ஹேர்பின், ஒரு திருகாணி. ஊசி இல்லை. மிதியடியை உதறினார்கள். மெஷினுக்குக் கீழே இருந்த துண்டுத் துணிகளை ஒவ்வொன்றாகத் தடவினார்கள். இல்லை.

மணி பதினொன்றரை.

பெரியவள் பெஞ்சில் உட்கார்ந்து முதல் சட்டையை மடியில் போட்டுக்கொண்டாள். பிரிக்கிற கத்தியை எடுத்தாள்.

"என்னக்கா பண்றீங்க?"

"பிரிக்கிறேன். ரெட்டை மடிப்புக்குள்ள போயிருந்தா கையில தட்டாது, இந்தக் கிழட்டுக் காந்தத்துக்கும் தெரியாது. அந்தக் குழந்தைங்க தோலு எப்படி இருக்கும் தெரியுமா உனக்கு? வெங்காயத் தோலு மாதிரி இருக்கும். குத்தினா அழக்கூடத் தெம்பு கிடையாது."

"அறுபதையுமா?"

"அறுபதையும்தான்."

கழுத்துத் தையலைப் பிரித்தாள், நூல் நூலாக. இரண்டாவது சட்டையையும் பிரித்துவிட்டுப் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சின்னவளே, ஒண்ணு சொல்றேன். இதோட நான் நிறுத்திக்கிறேன். ஊசி உடையறது கண்ணுக்குத் தெரியல, உடைஞ்சது புத்தியில நிக்கல. இந்த லட்சணத்துல குழந்தைக்குத் தைக்கிறேன்னு உட்கார்ந்தா அது புண்ணியமா, பாவமா? நர்ஸம்மா வந்தா சொல்லிடறேன், வேற ஆளைப் பார்த்துக்கட்டும்."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். சின்னவளுக்குக் குறுகுறுக்கவில்லை, எரிந்தது. நாளைக்கு நாங்கள் போய்விடுவோம். அக்காவுக்கு மிச்சமிருப்பது இந்த மெஷின் ஒன்றுதான். அதையும் நானா பிடுங்கவேண்டும்? எழுந்தாள். ஜன்னல் வரை போனாள். திரும்பி வந்தாள். மறுபடி ஜன்னலுக்குப் போனாள்.

"ஏன் இப்படி நாய் மாதிரி சுத்தறே? உட்காரு."

"அக்கா, உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு. புத்தியும் நல்லாத்தான் இருக்கு." மூச்சு வாங்கியது. "ஊசிய உடைச்சது நான்."

பெரியவள் கத்தியைக் கீழே வைத்தாள். கன்னத்தில் இருந்த கிராம்பை வெளியே எடுத்தாள். நன்றாகத் திட்டுவதற்கு வாய் காலியாக இருக்கவேண்டும் அல்லவா?

"அடிப்பாவி! ஒன்றரை மணி நேரமா என்னைக் குருடியாக்கி வேடிக்கை பார்த்தியா? பைத்தியம் பிடிச்சிடுச்சோன்னு நான் இங்க செத்துக்கிட்டிருக்கேன், மாத்திரையாம்ல மாத்திரை!"

"தப்புத்தான்க்கா."

"எதைத் தைச்சே?"

"செடிக்குப் பை. சாக்குல."

"சாக்கையா? பதினோராம் நம்பர் ஊசியிலயா?" பெரியவளுக்கு இதுதான் பெரிய அதிர்ச்சியாக இருந்தது. "எத்தனை பை?"

ஒரு நொடி. ஒரே ஒரு நொடிதான்.

"நாலு" என்றாள் சின்னவள்.

நாலு அல்ல, ஐந்து. நாலு பை செடிக்கு. ஐந்தாவது எதற்கு என்று சொன்னால் எல்லாமே சொன்னதாகிவிடும். அவள் பாதி உண்மையோடு நிறுத்திக்கொண்டாள்.

"எந்தப் பை தைக்கும்போது உடைஞ்சுது?"

"நாலாவது. காது வைக்கும்போது."

இரண்டு பேரும் வெளியே ஓடினார்கள். நாலாவது பையில் மிளகாய்ச் செடி. பெரியவள் பையின் காதைத் தடவிக்கொண்டே வந்தவள், "ஸ்ஸ்!" என்று விரலை இழுத்தாள். நுனியில் ரத்தம். சாக்கு மடிப்புக்குள் ஊசியின் முனை குத்தி நின்றது.

"கிடைச்சிடுச்சு!" சின்னவள் குதித்தாள்.

"இரு, இரு."

உள்ளே போய் நோட்டின் மேல் இரண்டு துண்டுகளையும் வைத்தாள் பெரியவள். மேல் பாதி, முனை. பக்கத்தில் ஒரு முழு ஊசியை வைத்து அளந்தாள். நடுவில் ஒரு அரிசி நீளத்துக்கு இடைவெளி. ஊசியின் கண் இருக்கவேண்டிய இடம் அது.

"மூணா உடைஞ்சிருக்கு. நடுத்துண்டு எங்கே?"

மற்ற மூன்று பைகளும் அப்போது காலடியில் கிடந்தனவாம். அப்படியானால் அவற்றையும் பார்த்தே ஆகவேண்டும். உச்சி வெயில். சின்னவள் ஒவ்வொரு செடிக்கும் தண்ணீர் விட்டு மண்ணை இறுக்கி, தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து, பையைக் கவிழ்த்து, வேர்க்கட்டி சிதறாமல் எடுத்து நிழலில் வைத்தாள். தக்காளிச் செடி தலையைத் தொங்கப் போட்டது. பெரியவள் பைகளைத் திருப்பிப்போட்டு, தையல் தையலாக நகத்தால் தடவினாள். மண்ணைச் சல்லடையில் சலித்தார்கள்.

இல்லை.

மணி ஒன்றே முக்கால்.

"அப்போ பாப்பாத் துணியிலதான்" என்றாள் பெரியவள். குரலில் கோபம் போய்விட்டது. "நர்ஸம்மாவுக்கு ஃபோன் போட்டுக் குடு. இன்னிக்கு வேணாம்னு சொல்றேன்."

"இன்னும் ஒரு தடவை தேடலாம்க்கா."

"தேடினது போதும். நேத்து ரெட்டைக் குழந்தை பிறந்திருக்காம், துவாலையைச் சுத்தி வச்சிருக்காங்களாம், சட்டைக்குக் காத்திருக்கோம்னு சொன்னாங்க. என்ன பண்றது? துவாலை குத்தாது, அது போதும்."

சின்னவள் ஃபோனை எடுத்தாள். நம்பரைத் தேடினாள். தேடிக்கொண்டே இருந்தாள். முந்தாநாள் நடந்தது அவள் கண் முன்னால் ஓடியது. மெஷினில் நாலாவது பை. ஊசி உடைந்தபோது மடியில் கிடந்தது எது? முதலிலேயே தைத்து முடித்து மடியில் போட்டிருந்த அந்தப் பெரிய பை. ஐந்தாவது.

அது இப்போது அவள் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. காலியாக அல்ல.

"என்ன, நம்பர் இல்லையா?"

"அக்கா... இன்னொரு பை இருக்கு."

பெரியவள் நிமிர்ந்து பார்த்தாள். சின்னவள் அறைக்குப் போய், கட்டிலுக்கு அடியில் கையை விட்டு, பையை இழுத்து, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து பெஞ்சில் வைத்தாள். உள்ளே பாத்திரம் சத்தம் போட்டது.

பெரியவள் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தாள். இரண்டு தட்டு. இரண்டு டம்ளர். ஒரு வடிகட்டி. காகிதத்தில் பொதிந்த தக்காளி விதை. கடைசியாக, கைக்குட்டையில் முடிந்த ஒரு சாவி. முடிச்சை அவிழ்க்கவில்லை. தடவிப் பார்த்தாள், தட்டின் மேல் வைத்தாள்.

சின்னவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பெரியவள் பையை உள்வெளியாகத் திருப்பினாள். அடித் தையலிலிருந்து இரண்டு விரல் தள்ளி நகம் நின்றது. மெதுவாக நிமிண்டினாள். சாக்கு நாரில் சிக்கிக்கொண்டிருந்தது அந்த அரிசி நீளத் துண்டு. கண்ணில் இன்னும் நூல் இருந்தது, சாக்கு நிறத்து நூல்.

நோட்டில் வைத்தாள். பொருந்தியது. ஒரு முழு ஊசி. மேலே டேப்பை ஒட்டி, விரலால் அழுத்தித் தேய்த்து, தேதி போட்டாள். நோட்டைச் சின்னவள் பக்கம் நகர்த்தினாள்.

"உடைச்சவதான் கையெழுத்துப் போடணும். போடு."

சின்னவள் போட்டாள். பக்கம் பக்கமாகப் பெரியவளின் கையெழுத்து. நடுவில் முதல் தடவையாக இவளுடையது, கொஞ்சம் கோணலாக.

"அக்கா, நான் வந்து..."

"பிரிச்ச ரெண்டு சட்டையை முதல்ல தைச்சு முடிக்கணும். நாடாவை எடு."

மூன்று மணிக்கு நர்ஸம்மா வந்தாள். வரும்போதே பேசிக்கொண்டு வருகிற ரகம். சட்டைகளை எண்ணி, அட்டைப்பெட்டியில் அடுக்கி, ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, "என்ன மெத்து! மெஷினா கையா, உங்க ரெண்டு பேருக்கும்?" என்றாள்.

"எல்லாம் அக்கா கைதான்..." என்று சின்னவள் ஆரம்பித்தாள்.

"அடுத்த மாசம் எண்பது வேணும். ரெண்டு பேர் இருக்கீங்களே, முடியாதா என்ன?"

சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். பெரியவள் கிராம்பை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினாள்.

"துணியை அனுப்புங்க சிஸ்டர்" என்றாள். அவ்வளவுதான்.

வண்டி போய்விட்டது. சின்னவள் பிடுங்கிய செடிகளைத் திரும்ப நட்டுவிட்டு, மண் கையோடு வந்து தையல் அறை வாசலில் நின்றாள். திட்டினால் தேவலை என்றிருந்தது. அழுதாலும் தேவலை. பெரியவள் இரண்டும் செய்யவில்லை. மெஷினின் முன்னால் உட்கார்ந்து ஊசியைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"சாக்குக்குப் பதினெட்டாம் நம்பர் போடணும். இனிமே தெரிஞ்சு வச்சுக்கோ." தடித்த ஊசியை மாட்டித் திருகினாள். "எத்தனாவது மாடி?"

"மூணாவது."

"லிஃப்ட் இருக்கா?"

"இல்லக்கா."

"காது வச்சுச் செடிப் பை தைச்சிருக்கியே, அதைப் பார்த்தப்பவே எனக்குத் தோணிச்சு. தரையில இருக்கப்போற செடிக்குக் காது எதுக்கு? தூக்கிட்டுப் போறதுக்குத்தானே?" ஐந்தாவது பையை ஊசிக்குக் கீழே தள்ளினாள். "இந்தத் தையல் மூணு மாடி தாங்காது. பாதிப் படியில பிச்சுக்கும்."

மெஷின் ஓடியது. காதின் அடியில் ஒரு கட்டம், அதற்குள் குறுக்கே ஒரு பெருக்கல் குறி. கம்பெனித் தையல். ஒரு காது முடிந்தது, அடுத்த காது. நூலை வெட்டிவிட்டு, தட்டு டம்ளரை எல்லாம் திரும்பப் பைக்குள் வைத்தாள். வைத்தவள் நிறுத்தினாள்.

"தட்டு ரெண்டுதானா?"

"நாங்க ரெண்டு பேர்தானேக்கா..."

"அப்போ நான் வந்தா எதுல சாப்பிடறது?"

சின்னவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். எட்டு நாள் அழுகை. பெரியவள் எழுந்து போய், சமையலறையிலிருந்து தான் சாப்பிடுகிற தட்டைக் கொண்டுவந்து பைக்குள் போட்டாள். அதன் விளிம்பில் ஒரு நசுங்கல் உண்டு. அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பல்வலி என்று சொல்லிக்கொண்டாள்.

"என்கிட்ட சொல்லிட்டே. சொல்லிட்டேன்னு சொல்ல முடியாது, மாட்டிக்கிட்டே. உன் மாமாகிட்ட அப்படி மாட்டிக்காதே. நான் சொல்லமாட்டேன், ஆமா. உன் புருஷனும் சொல்லமாட்டான், அவன் வீரம் எனக்குத் தெரியும். நீதான் சொல்லணும்."

"மாமா ஒத்துக்குவாராக்கா?"

"எனக்கெப்படித் தெரியும்? போன மாசம்தான் உங்க ரூமுக்குப் புது ஜன்னல் போட அளவு எடுத்துட்டுப் போனாரு."

கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தாள். வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஆணி. வீட்டுச் சாவி, பீரோ சாவி எல்லாம் அதில்தான். புதுச் சாவியை அதில் மாட்டினாள்.

"அக்கா! அங்கேயா?"

"ஒளிச்சு வச்சது போதும்டி."

தெரு முனையில் லாரி ஹார்ன் கேட்டது. இரண்டு தடவை, பிறகு ஒரு தடவை. அவர் வழக்கம். பெரியவள் விறுவிறுவென்று தையல் அறைக்குள் போய் மெஷினை மிதிக்கத் தொடங்கினாள். துணி எதுவும் இல்லை. சும்மாதான் ஓடியது.

செருப்பைக் கழற்றுகிற சத்தம். லாரிக்காரர் உள்ளே வந்தார். தூசி படிந்த முகம், தோளில் துண்டு. "ஏம்மா, ஜன்னல் கொண்டுவந்துட்டேன், லாரியில இருக்கு" என்று சொல்லிக்கொண்டே, பழக்கத்தில் லாரி சாவியை மாட்ட ஆணிக்குக் கையை நீட்டினார். கை நின்றது.

"இது எந்த வீட்டுச் சாவி?"

தையல் அறையில் மெஷின் நின்றது.

கையில் இன்னும் மண் காயவில்லை. அதை அப்படியே உடுப்பில் துடைத்துக்கொண்டு சின்னவள் எழுந்தாள்.

"என்னோடது, மாமா" என்றாள்.